அடுத்த காம்பராவுக்குக் காவல் யார்?

காவல் என்ற சொல்லைக் கேட்டவுடன் காக்கி உடையும் பொலிஸ் நிலையமுமே நம்மில் பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழில் அச்சொல்லின் பொருள் அவ்வளவு குறுகியதன்று. பயிருக்குக் காவல் என்கிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் காவல் இருக்கிறோம். இழவு வீட்டில் விடியும்வரை பிரேதத்துக்குக் காவல் இருக்கிறோம். இவை எல்லாவற்றிலும் அடங்கியுள்ள கருத்து ஒன்றே: தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத ஒன்றின் அருகில், இயலுமானவர் கண் விழித்திருத்தல்.

அப்படியானால் ஒரு தோட்டத்து லயத்தில், அல்லது ஹட்டன், நுவரெலியா நகரங்களின் நெருக்கமான ஒழுங்கைகளில், யாருக்கு யார் காவல்? "அது பொலிசாரின் வேலை, நமக்கேன் வம்பு?" என்பர் ஒரு சாரார். "பொலிசை நம்பிப் பயனில்லை, நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. இரு கூற்றிலும் பேராபத்தும் உண்டு. வாசக நேயர்களே, அவ்வுண்மை எது, அவ்வாபத்து எது என்பதை இவ்வாரம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பயம் எங்கிருந்து வந்தது?

நமது மக்கள் பொலிசைக் கண்டு ஒதுங்குவது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கமன்று. இலங்கைப் பொலிஸ் சேவை 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதியைத் தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியில் பொலிஸ் அதிகாரியாயிருந்த கேம்பல் என்பவர் அன்றுதான் இங்கு பொறுப்பேற்றார். அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1865இல், 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் பிறந்தது. முன்னறிவித்தலின்றி வேலையைவிட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிட அச்சட்டம் இடமளித்தது. ஆகவே, தோட்டத்துத் தொழிலாளியின் முன் சட்டம் முதன்முதலாக நிறுத்திய பொலிஸ்காரர், அவரைக் காக்க வந்தவர் அல்லர்; ஓடியவரைப் பிடித்துத் துரையிடம் ஒப்படைக்க வந்தவர். கடன் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை நீடித்தது.

1829இல் இலண்டன் மாநகரில் சர் றொபேட் பீல் பொலிஸ் படையை அமைத்தபோது, அதனோடு வேறொரு கருத்தும் வளர்ந்தது. தன் அயலவரின் நலனைப் பேணும் கடமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. அக்கடமையை முழு நேரமும் செய்வதற்காகச் சம்பளம் பெறும் குடிமகனே பொலிஸ்காரர் என்பது அக்கருத்து. அந்த நல்ல கருத்து குடியேற்ற நாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வரவில்லை. இங்கே தோட்டம் துரையின் சொத்து. பொலிஸ் அச்சொத்தின் வேலி. வேலிக்குள் இருந்த மனிதர்களோ வெறும் கணக்குப் புத்தகத்துப் பெயர்கள்.

இதன் விளைவுகளை நமது மக்கள் தங்கள் இரத்தத்தாலேயே எழுதி வைத்துள்ளனர். 1940 ஜனவரி 10ஆந் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். 1977 மே 11ஆந் திகதி, தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதைத் தடுக்கத் திரண்ட மக்கள்மீது பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிர் துறந்தார். 1983 ஜூலையில் நுவரெலியா நகரத்துத் தமிழர் கடைகள் தீக்கிரையானபோது, காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை.

ஆகவே, "பொலிசுக்குப் போகாதே" என்று ஒரு பாட்டி தன் பேரப் பிள்ளைக்குச் சொன்னால், அதை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. அது அனுபவத்திலிருந்து வந்த வார்த்தை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவநம்பிக்கை கொள்ள நமக்குக் காரணம் உண்டு. ஆனால் அவநம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சமூகம் இரவில் நிம்மதியாகத் தூங்க முடியாது. பொலிசை நம்பாதவர்கள் அதற்குப் பதிலாக எதை நம்புகிறார்கள் என்பதே அடுத்த கேள்வி.

தடியேந்திய இரவுகள்

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை மலையகத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் ஒருவன் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. நாட்டின் பல பாகங்களிலும் அதே பீதி. பெண்கள் இருட்டியபின் வெளியே வர அஞ்சினர். ஆண்கள் தடியும் கத்தியும் டோர்ச் லைட்டுமாக முறை வைத்துக் கண் விழித்தனர். பிடிபட்டவர்களைப் பொலிசார் விட்டுவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும், பொலிசாரே உடந்தை என்ற சந்தேகமும் எங்கும் ஒலித்தன.

அந்தக் காவலில் போற்றத்தக்க ஓர் அம்சம் இருந்தது. நாள் முழுவதும் வேலை செய்து களைத்தவர்கள், பிறர் வீட்டுப் பெண்களுக்காக இரவுத் தூக்கத்தைத் துறந்தார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் கட்டளையிடவில்லை. அயலவரின் காவல் என்பது நம்மிடம் செத்துப்போய்விடவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆனால் அந்த இரவுகள் எங்கே கொண்டுபோய் விட்டன? அதே மாதத்தில் ஹப்புத்தளைப் பகுதியில், மர்ம மனிதர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் இருவர் கூட்டத்தால் தாக்கிக் கொல்லப்பட்டனர். புத்தளத்தில் கூட்டத்தின் தாக்குதலில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு அல்லவா? பெண்களைக் காக்க வேண்டுமென்று எழுந்த கைகள் சில மணி நேரத்தில் கொலைக் கைகளாயின. கெட்ட எண்ணத்தோடு புறப்பட்டவர்கள் செய்ததாயிருந்தால் அதைப் புரிந்துகொள்வது எளிது. நல்ல எண்ணத்தோடு புறப்பட்டவர்களும் அவ்வாறு செய்ய முடிந்தது என்பதே நம்மைத் தூங்கவிடாத உண்மை.

அந்தக் கூட்டத்தின் மறுபக்கத்தில் நாமே நின்றதும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அயற்கிராமங்களிலிருந்து திரண்ட கூட்டம் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. அங்கும் அவர்கள் தங்கள் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். முகாமில் காவலுக்கு நின்ற பொலிசார் ஏறத்தாழ 60 பேர்; அவர்கள் தடுக்கவில்லை. 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் 2005 அளவில் அனைவரும் விடுதலையாயினர். அயலவரும் காக்கவில்லை, அரசும் காக்கவில்லை, நீதியும் கிட்டவில்லை என்றால், மிஞ்சுவது என்ன?

காத்தல் வேறு, தண்டித்தல் வேறு

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். காத்தல் வேறு, தண்டித்தல் வேறு. காக்கும் கடமை எல்லாருக்கும் உரியது. தண்டிக்கும் அதிகாரம் எல்லாருக்கும் உரியதன்று.

குற்றவாளியைத் தண்டிக்கத் தனி மனிதனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியைப் புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பினார். சமூகம் முழுவதன் நன்மையைப் பராமரிக்கும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ அவருக்கே அவ்வதிகாரம் உண்டென்றும், எவ்வளவு நல்லவனானாலும் தனி மனிதனுக்கு அது இல்லையென்றும் அவர் விடை கூறினார். அதிகாரம் பொறுப்பிலிருந்து பிறக்கிறது. கோபத்திலிருந்து பிறப்பதில்லை என்பது அவ்விடையின் சாரம்.

இதன் நியாயத்தை விளங்கிக்கொள்ளத் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒருவரைக் காப்பதற்கு அவர் அருகில் இருந்தால் போதும். ஒருவரைத் தண்டிப்பதற்கோ, நடந்தது இன்னதென்று அறிய வேண்டும். இரு தரப்பையும் கேட்க வேண்டும். தவறிழைத்தால் பின்னர் பதில் சொல்லவும் ஆயத்தமாயிருக்க வேண்டும். நள்ளிரவில் டோர்ச் வெளிச்சத்தில் திரண்ட கூட்டம் இம்மூன்றில் எதைச் செய்யும்? அது அறிந்து அடிப்பதில்லை, அஞ்சி அடிக்கிறது. அடித்தபின் "யார் அடித்தது?" என்று கேட்டால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவர். எல்லாரும் சேர்ந்து செய்தது ஒருவரும் செய்யாததாகிவிடுகிறது. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் நீதி இல்லை.

இதே அளவுகோல் பொலிசாருக்கும் பொருந்தும். தண்டனைக்கு ஆட்படுத்தும் வல்லமையைச் சமூகம் அவர்கள் கையில் கொடுத்திருப்பது அவர்கள் முதலில் காப்பவர்களாயிருக்க வேண்டும் என்பதற்காகவே. 2023 மே மாதத்தில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்றிருந்த ஒரு தாய், நகை காணாமற்போனது பற்றிய முறைப்பாட்டின் பேரில் கைதாகி, வெலிக்கடைப் பொலிசாரின் பொறுப்பில் இருந்தபோது உயிரிழந்தார். பொலிசார் ஒருவரைக் கூட்டிச் செல்வதையும் "காவலில் எடுத்தல்" என்றே நாம் சொல்கிறோம். அச்சொல்லின் பொருளை அவர்கள் உணர்வார்களாயின், கைதான ஒவ்வொருவரும் தங்கள் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டவர் என்பதையும் உணர்வர். லயத்துக் கூட்டமானாலும் சரி, சீருடை அணிந்தவரானாலும் சரி, காக்க மறந்து தண்டிக்கப் புறப்படுகிறவர் காவலர் என்ற பெயருக்குத் தகுதியற்றவர்.

சுவருக்கு அப்பால்

இனி, நமக்குச் சற்றுக் கசப்பான ஒரு விடயத்துக்கு வருவோம். தண்டிக்கும் உரிமையில்லை என்றதும், "அப்படியானால் நாம் சும்மா இருந்துவிடலாம்" என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. அந்த ஆறுதல் பொய்யானது.

மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து ஒரு பெண்ணைக் கொட்டினால் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். யாரும் அவள் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சங்கம் என்று கேட்பதில்லை. சாக்கைப் போர்த்தி, தோளில் தூக்கி, கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். தூக்கப் போனவர்களும் கொட்டு வாங்குகிறார்கள். மரணம் நேர்ந்தால் மரண சகாய சங்கம் முன்னிற்கிறது. மண்சரிவு வந்தால் பாடசாலையிலும் கோயிலிலும் ஒரே அடுப்பில் சோறு பொங்குகிறது. இவ்வளவு அரிய ஒற்றுமை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

அதே பெண், அன்று மாலை, சம்பளப் பணத்தைக் கொடுக்க மறுத்ததற்காகக் கசிப்புக் குடித்த கணவனிடம் அடி வாங்கினால்? காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையே இருப்பது ஒரே சுவர். அந்தச் சுவரினூடாக இருமல் கேட்கும், பிள்ளையின் சிணுங்கல் கேட்கும், அடியும் கேட்கும். ஆனால் அப்போது கதவுகள் சாத்தப்படுகின்றன. வானொலியின் ஓசை கூட்டப்படுகிறது. "புருஷன் பொஞ்சாதி சண்டை, நமக்கெதற்கு?" என்ற ஒரு வாக்கியம் லயம் முழுவதையும் ஊமையாக்கி விடுகிறது. குளவி கொட்டினால் ஓடி வருகிறவர்கள் மனிதன் கொட்டினால் வருவதில்லை.

குடும்பத்தின் அந்தரங்கம் மதிக்கத்தக்கது. சோறு குறைந்ததும், கடன் பட்டதும், கணவன் மனைவி மனத்தாங்கலும் அயலாருக்கு உரிய சங்கதிகள் அல்ல. ஆனால் அந்தரங்கம் என்பது பலவீனருக்கு ஒரு கூரை. பலசாலிக்கு ஒரு மறைப்பன்று. எந்த இடத்தில் ஒருவரின் உடலுக்கும் உயிருக்கும் கேடு வருகிறதோ, அந்த இடத்தில் அந்தரங்கத்தின் எல்லை முடிந்துவிடுகிறது. இதை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம்; அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், பின் 12 மாதங்கள்வரை நிலைக்கும் கட்டளையும் வழங்க இடமுண்டு. அடித்தவரைச் சிறைக்கு அனுப்புவதைவிட, அடி விழாமல் தடுப்பதே அச்சட்டத்தின் முதல் நோக்கம். அதாவது, அது காவற் சட்டம். சுவருக்கு இப்பால் இருப்பவர்கள் வாய் திறக்காவிட்டால் சட்டப் புத்தகம் அலமாரியிலேயே தூங்கும்.

வீட்டைவிட்டு வெளியேறும் பிள்ளைகளின் கதை இன்னும் துயரமானது. 2021 ஜூலையில், டயகமத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி, கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலை செய்து வந்த நிலையில், கடுந் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு உயிரிழந்தாள். நாடு கொதித்தது, ஊர்வலங்கள் நடந்தன, அவை நடந்திருக்கவே வேண்டும். ஆனால் பிள்ளை செத்தபின் ஆயிரம் பேர் கூடும் நாம், பிள்ளை புறப்படும்போது எத்தனை பேர் கூடுகிறோம்? நேற்றுவரை பாடசாலைக்குப் போன பிள்ளை இன்று போகவில்லை. தரகர் ஒருவர் வந்து போனார். அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் இடம் வெறுமையாயிற்று. இவ்வாறான புறப்பாடுகளை ஒவ்வொரு லயமும் கண்டிருக்கிறது. வறுமையில் வாடும் அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு அமர்த்துவதை 2021 முதல் சட்டம் தடுக்கிறது என்பதையும், பிள்ளைகளுக்காக 1929 என்றும் பெண்களுக்காக 1938 என்றும் அவசரத் தொலைபேசி இலக்கங்கள் உள்ளன என்பதையும் அந்தத் தாயிடம் எடுத்துச் சொல்ல ஓர் அயலவர் இருந்தாரா என்பதே கேள்வி.

ஒன்றைக் கவனியுங்கள். 2011இல் நாம் தடியேந்தி நின்றது முகம் தெரியாத அந்நியனுக்கு எதிராக. ஆனால் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கேடு விளைவிப்பவர்கள் பெரும்பாலும் முகம் தெரிந்தவர்களே. உறவு முறை சொல்லி அழைக்கப்படுபவர்களே. அந்நியனை அடிப்பது எளிது. அறிந்தவரிடம் "இது தகாது" என்று சொல்வதற்கே துணிவு வேண்டும்.

ஒற்றனும் காவலனும்

"அயலவரைக் கவனி" என்றவுடன், "அது காட்டிக்கொடுக்கும் வேலையல்லவா?" என்று சிலர் கேட்பர். மலையகத்தில் இந்தக் கேள்விக்கு ஆழமான வேர் உண்டு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும், நீண்ட கால அவசரகாலச் சட்டங்களும் நிலவிய யுத்த காலத்தில், வீட்டில் தங்கியிருப்போரின் பெயர்ப் பட்டியல் பொலிசுக்குப் போனது. எங்கோ எவரோ சொன்ன ஒரு சொல்லால் மலையக இளைஞர்கள் வருடக் கணக்கில் விளக்கமின்றி அடைபட்டனர். அந்தக் காயம் இன்னும் முற்றாக ஆறவில்லை.

ஆகவே ஒற்றனையும் காவலனையும் பிரித்தறிய வேண்டும். இருவரும் விழித்திருக்கிறார்கள், இருவரும் உற்றுப் பார்க்கிறார்கள். ஒற்றன் அயலவரைப் பற்றி மேலிடத்துக்குச் சொல்கிறான். காவலன் முதலில் அயலவரிடமே போய்ப் பேசுகிறான். ஒற்றன் தன் எசமானின் நன்மையைத் தேடுகிறான்; காவலன் தான் யாரைக் கவனிக்கிறானோ அவருடைய நன்மையைத் தேடுகிறான். ஒற்றன் தன் பெயரை மறைக்கிறான். காவலன் தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும் தன் பெயரைச் சொல்லிச் சாட்சி கூறுகிறான். ஒருவர் செய்வது எதுவென்று அறிய இம்மூன்று சோதனைகளும் போதும்.

குழுக்கள் எப்படி இருக்க வேண்டும்?

சிவில் பாதுகாப்புக் குழு என்றும், சமூகப் பொலிஸ் குழு என்றும் காலத்துக்குக் காலம் பெயர் மாறி, கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் பொலிசாரும் மக்களும் கூடும் அமைப்புகள் நம் நாட்டில் உண்டு. நல்ல முயற்சி என்றே கூற வேண்டும். ஜப்பானில் 'கோபான்' என்ற சிறு பொலிஸ் கூடங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரு மூலைகளில் இருக்கின்றன. அங்குள்ள உத்தியோகத்தர் வழி தெரியாதவருக்கு வழி சொல்கிறார். தொலைந்த பொருளை ஒப்படைக்கிறார். வீடு வீடாகச் சென்று முதியவர்களை விசாரிக்கிறார். குற்றம் நடந்தபின் வரும் முகமாக இல்லாமல், நாள்தோறும் காணும் முகமாக இருப்பதே அவருடைய வலிமை. மலையகத்தில் மலைக்கு அப்பால் பல மைல் தொலைவில் பொலிஸ் நிலையம் இருக்கும்போது, அந்த முகத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவரக் குழுக்கள் உதவலாம்.

ஆனால் அந்தக் குழுவில் உட்காருவது யார்? தலைவர், கோயில் பொருளாளர், கடைக்காரர், உத்தியோகத்தர் ஒருவர் என்று நாற்காலிகள் நிறைந்துவிட்டால், கொழுந்துக் கூடையோடு இருட்டுப் பாதையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு இடம் எங்கே? எவர் அதிகம் அஞ்சுகிறாரோ அவரே அக்குழுவில் முதலில் பேச வேண்டும். கசிப்புக் காய்ச்சுவோருக்கு உறவினரோ கடன்காரரோ ஆனவர் அங்கே அமர்ந்தால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும்.

இரண்டாவது, மொழி. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, விளங்காத தாளில் கையொப்பம் வாங்கும் வழக்கம் மாய்ந்துவிடவில்லை. விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்திடாதிருப்பதும், தமிழில் எழுதுமாறு கேட்பதும் நமது உரிமை. தனியே சென்று கேட்க அஞ்சுபவரோடு குழுவில் ஒருவர் உடன் செல்வாராயின், அதுவே பெரிய காவல்.

மூன்றாவது, சமரசத்தின் எல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் சிறு பிணக்குகளை நல்ல முறையில் தீர்க்கின்றன. கோழி, வேலி, கடன், வாய்ச்சண்டை ஆகியவற்றை ஊரார் பேசித் தீர்ப்பது பண்பாடு. ஆனால் ஒரு சிறுமியைக் கெடுத்தவனிடம் பணம் வாங்கிக் கொடுத்தோ, அவனையே கட்டிவைத்தோ, "தோட்டத்தின் மானம் போகக் கூடாது" என்று மூடிவிடுவது சமரசமன்று; இரண்டாவது கொடுமை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின்படி, 16 வயதுக்குட்பட்ட சிறுமியின் விடயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஊராரின் கடமை பிள்ளையை அணைத்துக்கொள்வது. நீதி வழங்குவது நீதிமன்றத்தின் கடமை. கூட்டமாய்க் கூடி அடிப்பது எவ்வாறு நமக்கு உரியதன்றோ, அவ்வாறே கூட்டமாய்க் கூடி மன்னிப்பதும் நமக்கு உரியதன்று. பட்டது அந்தப் பிள்ளை. அவள் பெயரால் மன்னிக்க நாம் யார்?

நான்காவது, வெளிச்சம். பாதையில் ஒரு விளக்கு, மழையில் வழுக்காத படிக்கட்டு, வீட்டருகில் கதவுள்ள கழிவறை ஆகிய இவையும் காவலே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்கு 30 ஆண்டுகளாகத் தடையாக நின்றது. வாக்கு மட்டும் கேட்டு வந்தார்கள், விளக்கு வரவில்லை. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் இயங்கத் தொடங்கின. இப்போது கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்காமல் இருந்துவிட்டு இருட்டைத் திட்டுவதில் பயனில்லை.

சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கக் கூடாது என்று 1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தமது சமூகச் சுற்றுமடலில் போதித்தார். அதன் மறுபக்கத்தையும் நாம் மறக்கக் கூடாது: சிறிய சமூகம் தன்னால் இயன்றதைச் செய்யாமல் கைகட்டி இருக்கவும் கூடாது; அதனால் இயலாததைச் செய்யாமல் பெரிய அமைப்பு கைவிரிக்கவும் கூடாது. அயலவர் விழித்திருக்கட்டும், பொலிசார் வந்து சேரட்டும், நீதிமன்றம் தீர்க்கட்டும். இம்மூன்றில் ஒன்று மற்றொன்றின் வேலையைப் பறித்தாலும் துன்பம். தன் வேலையைக் கைவிட்டாலும் துன்பம்.

தன் தம்பி எங்கே என்று கேட்கப்பட்டபோது, தனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்ற பாவனையில் காயீன் எதிர்க் கேள்வி கேட்ட வரலாற்றை நாம் அறிவோம். வேதாகமத்தில் ஒரு கொலைகாரன் வாயிலிருந்து வந்த அக்கேள்வி, சாத்திய கதவுகளுக்குப் பின்னால் இன்றும் மெல்லிய குரலில் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு விடை சொல்ல நமக்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை, பதவி வேண்டியதில்லை.

இன்றிரவு உங்கள் சுவருக்கு அப்பால் அழுகைச் சத்தம் கேட்குமானால், எழுந்திருங்கள். தனியே போக வேண்டாம். அடுத்த வீட்டு அக்காவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். தடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.